குடும்பக் குழு: ட்ரோம்சோவில் இருந்து லோங்யேர்பியன்

நான்: அக்கா, ஜூலையில் அம்மா வரும்போது சுவால்பார்ட் தீவுகளில் இருக்கிற லோங்யேர்பியனுக்கும் கூட்டிக்கொண்டு போவோமா? வட நோர்வேயில் நீங்கள் இருக்கிற ட்ரோம்சோவில் இருந்து எவ்வளவு தூரம்? வரைபடத்தில் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அக்கா: ஓம், கட்டாயம் போவோம். தூரத்தை அத்தானிடம் கேள், அவர் வேலைக்காகப் போய் வந்தவர்.

அத்தான்: வரைபடத்தை நம்பாதே தம்பி, துருவப் பக்கத்தை அது இழுத்துக் காட்டும். நேர்கோட்டில் ஏறக்குறைய 960 கிலோமீட்டர். இரண்டு ஊரும் கிட்டத்தட்டத் தெற்கு வடக்காக இருப்பதால் கையாலேயே கணக்குப் போடலாம். ட்ரோம்சோ வட அட்சரேகை 69.7 பாகை, லோங்யேர்பியன் 78.25 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். வித்தியாசத்தை அதால் பெருக்கினால் சுமார் 950 வரும்.

பெரியண்ணா: ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும்தானே? ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுமே.

அத்தான்: அந்த வேகம் உயரத்துக்குப் போன பிறகுதான், மச்சான். ஓடுபாதை வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து சுமார் 1 மணி 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான், கடிகாரம் மாற்ற வேண்டாம்.

அம்மா: இடையில் முழுக்கக் கடலா தம்பி?

அத்தான்: கடல்தான் மாமி. பாதி வழியில் பியோர்ன் தீவு இருக்கிறது. அங்கே வானிலை நிலையத்து ஆட்கள் மட்டும்தான், பயணிகள் விமானம் இறங்க இடமில்லை. பயப்பட வேண்டாம், மூடுபனியால் இறங்க முடியாவிட்டால் திரும்பி வரும் அளவுக்கு எரிபொருளோடுதான் புறப்படுவார்கள்.

அக்கா: எனக்கு யோசனை அம்மாவின் விசாதான். ஒருமுறை நுழைவு விசா எடுத்தால் இந்தப் பயணமே நடக்காது.

பெரியண்ணா: ஏன்? அதுவும் நோர்வேதானே?

அக்கா: நோர்வேதான் அண்ணா. ஆனால் 1920 ஒப்பந்தத்தால் சுவால்பார்ட் தீவுகளுக்குத் தனி விதி. அங்கே தங்க விசா கேட்பதில்லை, அந்த இடம் ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்கு, வெளியே. ட்ரோம்சோ விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைப் பார்த்து, வெளியேறியதாகப் பதிந்துவிடுவார்கள். திரும்பி வரும்போது அது புது நுழைவு. ஒருமுறை விசாவோடு போனால் அம்மாவால் திரும்பி உள்ளே வர முடியாது. இத்தனை வருடம் கழித்து வருகிற அம்மாவை அப்படி மாட்டிவிடக் கூடாது.

நான்: ஒஸ்லோவில் இருந்து நேரே போனால்?

அக்கா: அதே விதிதான், சோதனை ஒஸ்லோவில் நடக்கும். தூரமும் 2,000 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது. இங்கே வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியண்ணா: நல்லகாலம், கொழும்பில் இன்னும் விண்ணப்பம் கொடுக்கவில்லை. பலமுறை நுழைவு என்று கேட்கிறேன்.

அக்கா: இரண்டு முறை கிடைத்தாலும் போதும். பயணத் திட்டத்தில் சுவால்பார்ட் என்று தெளிவாக எழுதுங்கள்.

அம்மா: குளிர் தாங்குமா பிள்ளை?

அக்கா: ஜூலையில் 7, 8 பாகைதான் இருக்கும் அம்மா. என் தடித்த ஜாக்கெட்டைத் தருகிறேன். இரவிலும் சூரியன் மறையாது, தூங்கத்தான் கஷ்டப்படுவீர்கள்.

அத்தான்: இன்னொன்று. அங்கிருந்து திரும்புவதற்கும் மாமியின் கொழும்பு விமானத்துக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். மூடுபனி வந்தால் விமானம் தாமதமாகும், கப்பலில் வரலாம் என்றால் வழக்கமான பயணிகள் சேவையும் இல்லை.

நான்: சரி அத்தான். மாத நடுவில் போவோம். விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் எடுப்பேன்.