பாதியில் விற்ற தேனீப்பெட்டியைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 40 பெட்டி. மழைக்காலத்தில் 20-க்கு மட்டும் சர்க்கரைப்பாகு வைத்து, தேனீக்கூட்டம் எத்தனை நாளில் பெட்டியை விட்டு ஓடுகிறது என்று குறித்தேன். 7 பெட்டியை இடையில் விற்றுவிட்டேன், மிச்சத்தில் சிலதில் இன்னும் ஈ ஓடாமல் இருக்கு. சராசரி எடுத்து டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடலாமா?

பதில்: வேண்டாம் மக்கா. விற்ற நாள்வரை ஓடவில்லை என்பதும் தகவல்தானே. இரண்டு பக்கத்துக்கும் காப்லான்-மேயர் கோடு (நாள் ஆக ஆக எத்தனை பங்கு கூட்டம் ஓடாமல் இருக்கிறது என்று காட்டுவது) வரைந்து லாக்-ரேங்க் சோதனை போடு. ஒரு கூட்டம் ஓடும் ஒவ்வொரு நாளும், அதுவரை மிச்சமிருந்த பெட்டிகளை வைத்து, பாகால் வித்தியாசமே இல்லையென்றால் பாகு வைத்த பக்கம் எத்தனை ஓடியிருக்கணும், நிஜத்தில் எத்தனை ஓடியது என்று அது ஒப்பிடும்.

பதில்: கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் லாக்-ரேங்க் சொதப்பும். ஆரம்ப நாட்களின் வித்தியாசம்தான் முக்கியமென்றால் அந்த நாட்களுக்கு அதிக எடை கொடுக்கும் கெஹான்-வில்காக்சன் சோதனையைப் பாருங்க. அப்புறம், பலமான கூட்டமாகப் பார்த்து விற்றீர்களா அண்ணே? அப்படியென்றால் விற்ற பெட்டிகள் மிச்சத்தைப் போல இருக்காது, இரண்டு சோதனையுமே ஏமாற்றும்.

கேட்டவர்: வாங்க வந்தவர் தட்டிப் பார்த்து, இரைச்சல் கூடின பெட்டியாகத்தான் எடுத்தார்...