புதுப்பிப்பு: ராணி கலர் சுவர் முடிந்தது

மகள் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் ராணி கலர் (பளிச்சென்ற அடர் ரோஸ்) அடிக்கலாமா, கண்ணை உறுத்துமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அடித்துவிட்டோம். முதல் கோட்டிங்கில் பழைய பச்சை திட்டுத்திட்டாகத் தெரிந்தது, மனசு விட்டுப்போனது. அப்புறம் பெயிண்டர் அண்ணன் சொன்னபடி வெள்ளை பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மேலே 2 கோட்டிங் கொடுத்தோம். இப்போது பட்டுப்புடவையை விரித்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது.

வெயில் ஏறியபோது எதிர்ச் சுவரின் வெள்ளையிலும் ரோஸ் நிறம் படிந்தது. அதனால் மற்ற 3 சுவர்களையும் சந்தன நிறமாக்கினோம். வெள்ளை டியூப்லைட்டில் ராணி கலர் கொஞ்சம் ஊதாவாகத் தெரிந்தது. மஞ்சள் வெளிச்ச எல்இடி போட்டதும் சரியானது. கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரோரம்தான், படுத்தால் கண்ணில் படாது. நேற்று மகள் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.