உள்ளீடு–வெளியீடு கணக்கு: அணிக்கோவை சரியாக வருகிறது, விடை மட்டும் தவறு. ஏன்?

கேள்வி

வணக்கம். இரண்டு துறைகள், எல்லாம் ஒரே பண அலகில். ஒவ்வொரு நிரையும் அந்தத் துறையின் பொருளை யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பது; துறைகள் வாங்கியது போக மீதி இறுதித் தேவை.

வேளாண்மை நிரை: வேளாண்மைக்கு 42, தொழிலுக்கு 48, இறுதித் தேவை 120, மொத்த உற்பத்தி 210
தொழில் நிரை: வேளாண்மைக்கு 84, தொழிலுக்கு 16, இறுதித் தேவை 60, மொத்த உற்பத்தி 160

எனக்குக் கிடைத்த கெழு அணி (ஓர் அலகு உற்பத்திக்கு எவ்வளவு உள்ளீடு என்பது): [0.2 0.2286 / 0.525 0.1]. அலகு அணியிலிருந்து இதைக் கழித்தால் அணிக்கோவை 0.60. கொடுத்திருக்கும் விடையிலும் அணிக்கோவை 0.60தான். ஆனால் நேர்மாறை இறுதித் தேவையால் பெருக்கினால் 202.86, 185 வருகிறது. 210, 160 அல்லவா வர வேண்டும்? எக்செலில் போட்டாலும் இதேதான்.

பதில் 1

நேர்மாறில் பிழையில்லை, கெழு எடுத்த இடத்தில்தான் பிழை. 48 என்பது தொழில்துறை வாங்கிய வேளாண் பொருள். ஓர் அலகு தொழில் உற்பத்திக்கு அது எவ்வளவு தேவை என்றுதான் பார்க்கிறோம். எனவே 160ஆல் வகுக்க வேண்டும், 210ஆல் அல்ல. 48/160 = 0.3, 84/210 = 0.4. எந்த நிரலில் எண் நிற்கிறதோ அந்தத் துறையின் உற்பத்தியே வகுத்தி.

இப்போது கழித்தால் [0.8 −0.3 / −0.4 0.9]. அணிக்கோவை 0.72 − 0.12 = 0.60.
வேளாண்மை: (0.9×120 + 0.3×60)/0.6 = 210
தொழில்: (0.4×120 + 0.8×60)/0.6 = 160

அணிக்கோவை ஏன் மாறவில்லை? மூலைவிட்ட எண்களை எப்படி வகுத்தாலும் ஒன்றுதான். மற்ற இரண்டில் வகுத்திகள் இடம் மாறுகின்றனவே தவிர பெருக்கல் அதே 0.12. எத்தனை துறை இருந்தாலும் இப்படித்தான். அதனால் அணிக்கோவையை வைத்து இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது. உற்பத்தி எதிர்மறையாக வராமல் இருப்பதற்கான ஹாக்கின்ஸ்–சைமன் நிபந்தனையும் (0.8 > 0, 0.6 > 0) இரண்டு அணிக்கும் பொருந்திவிடும். பழைய இறுதித் தேவையைப் போட்டால் பழைய உற்பத்தி திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. நீங்கள் அதைச் செய்ததால்தான் பிழை தெரிந்தது.

நிரையால் வகுத்த அணிக்கும் வேறு பயன் உண்டு. பொருளியலாளர் கோஷ் 1958இல் முன்வைத்த வழங்கல் பக்க மாதிரி அதைத்தான் எடுக்கிறது. அங்கே இறுதித் தேவைக்குப் பதில் மதிப்புக் கூட்டல் (மொத்த உற்பத்தியில் துறைகளிடம் வாங்கியது போக மீதி: 84, 96) நிரையாக இடப்பக்கம் நின்று பெருக்கும். உங்கள் அணியிலேயே செய்து பாருங்கள், 210, 160 வரும்.

பதில் 2

எக்செலில் இது அடிக்கடி நேர்வது. மொத்த உற்பத்தி நிரையின் கடைசியில், ஈ நிரலில் இருக்கும். முதல் கட்டத்தில் =பி2/ஈ2 என்று எழுதிக் கீழே இழுத்தால் அடுத்தது பி3/ஈ3 ஆகிவிடும்; அதாவது 84/160. உற்பத்தியை 6ஆம் நிரையில் படுக்கையாக எழுதிக்கொண்டு =பி2/பி$6 என்று கொடுங்கள். டாலர் குறி 6க்கு முன்னால் மட்டும். பிறகு வலப்புறமும் கீழும் இழுக்கலாம்.

அணிகளைப் பெருக்குவதற்கு எம்மல்ட் (MMULT) சார்பு, நட்சத்திரக் குறி அல்ல. நட்சத்திரக் குறி கட்டத்துக்குக் கட்டம் பெருக்கும். பழைய பதிப்பில் விடைக்கான இரண்டு கட்டங்களையும் தேர்ந்தெடுத்துவிட்டு கன்ட்ரோல்–ஷிஃப்ட்–என்டர் அழுத்துங்கள். வெறும் என்டர் அழுத்தினால் முதல் எண் மட்டுமே வரும்.

கேட்டவர்

210, 160 வந்துவிட்டது, மிக்க நன்றி. வேளாண்மையின் இறுதித் தேவை 10 கூடினால் மறுபடி முழுதும் போட வேண்டுமா?

பதில் 1

வேண்டாம். நேர்மாறின் முதல் நிரல் 1.5, 0.6667. பத்தால் பெருக்கினால் வேளாண்மை 15, தொழில் 6.67 கூடும். நேர்மாறை 0.67 என்று சுருக்கி எழுதாதீர்கள். 120ஆல் பெருக்கும்போது 80க்குப் பதில் 80.4 வந்து நிற்கும். 1/0.6ஐ வெளியே வைத்துக் கடைசியில் வகுங்கள்.