திருப்பூரில் ஆயிரம் பீஸ், பரமக்குடியில் அறுநூறு: ஏன் இந்த வித்தியாசம்?

பவர்டேபிள்:
திருப்பூரில் 22 வருடமாக பனியன் தையல் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுத்துச் செய்கிறேன். மூன்று வருடம் முன்பு ராமநாதபுரம் மாவட்டம் பரமக்குடி பக்கம் இருபது மெஷின் போட்டு இன்னொரு யூனிட் ஆரம்பித்தேன். இங்கே ஆள் கிடைப்பதில்லை, அங்கே கூலியும் குறைவு என்பதுதான் கணக்கு. மெஷின் எல்லாம் இங்கிருந்து ஏற்றிக்கொண்டு போனதுதான். தைப்பதும் இதே டி-ஷர்ட். ஆனால் இங்கே ஆயிரம் பீஸ் வரும் ஷிப்டில் அங்கே அறுநூறு வந்தால் பெரிய விஷயம். நாள் கூலி குறைவு, ஒரு பீஸுக்கு ஆகும் செலவு அதிகம்.

ராமநாதபுரம் மாவட்டம் பின்தங்கியதற்கு அரசுதான் காரணம் என்று இந்தக் குழுவில் அடிக்கடி எழுதுகிறீர்கள். என் இரண்டு யூனிட்டுக்கும் ஒரே அரசு, ஒரே மின்வாரியம், ஒரே தொழிலாளர் சட்டம். பிறகு எங்கே வித்தியாசம்? எனக்குத் தெரிந்து அது வேலைப் பழக்கத்தில் இருக்கிறது. மனதில் பட்டதைச் சொல்கிறேன், மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்க.

கண்மாய்க்கரை:
அண்ணே, நான் முதுகுளத்தூர்க்காரன். படித்ததும் மனசு வலித்தது. எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீட்டு ஆட்கள் திருப்பூரில் தைக்கிறார்கள். என் அக்கா மாப்பிள்ளை பதினோரு வருடமாக ஓவர்லாக் (துணி ஓரம் மூட்டும் தையல் மெஷின்) ஓட்டுகிறார், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறார். உங்கள் ஊரில் ஆயிரம் பீஸ் தைப்பதில் பாதிக் கை எங்கள் கைதான். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வருகிற பையன்களும் அப்படித்தான். பழக்கம்தான் காரணம் என்றால், மதுரை தாண்டி பஸ் ஏறியதும் அது எப்படி மாறுகிறது?

பவர்டேபிள்:
தம்பி, வருத்தப்படுத்த எழுதவில்லை. ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பி வருகிறவன் துணிந்தவன், கடன் அடைக்கணும் என்று வைராக்கியத்தோடு வருகிறவன். இங்கே அவனுக்கு கம்பெனி விட்டால் ரூம். ஊரிலேயே இருப்பவனுக்குக் கோயில் கொடை, காதுகுத்து, துக்க வீடு என்று வாரம் ஒன்று வருகிறது. திங்கட்கிழமை இருபது மெஷினில் ஆறு காலியாகக் கிடக்கும். வந்தவனை வைத்து வராதவனை எடைபோட முடியாதுங்க.

லூப்பர்:
மெக்கானிக் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். திருப்பூரிலும் இருந்தேன், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு யூனிட்டிலும் ஒரு வருடம் இருந்தேன்.

காலை பத்து மணிக்கு ஒரு ஓவர்லாக்கில் லூப்பர், அதாவது நூலை வளைத்துக் கோர்க்கும் பாகம், உடைகிறது என்று வையுங்கள். திருப்பூரில் பையனை அனுப்பினால் இரண்டாவது தெருவில் பார்ட்ஸ் கடை. மெஷின் நம்பரைக்கூட கேட்க மாட்டார்கள், உடைந்ததைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அதே சைஸை எடுத்துப் போடுவார்கள். மாட்டி, டைமிங் வைத்து, பதினொன்றுக்குள் மெஷின் ஓடும்.

அங்கே நான் என்ன செய்தேன்? வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். திருப்பூரில் இருந்து பஸ் பார்சலில் போட்டார்கள். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிப் பிரித்தால் வேறு மாடல் லூப்பர். மறுபடி போன், மறுபடி பார்சல். மூன்றாவது நாள் மதியம்தான் மெஷின் ஓடியது. அதுவரை தோள் மூட்டிய பீஸ் எல்லாம் கை ஏற்ற வழியில்லாமல் கூடையில் குவிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் இருந்த நாலு பெண்கள் நூல் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் அவர்கள் சோம்பேறிகளா?

அண்ணா, ஒன்று மட்டும் கேட்கிறேன். மெஷின் நின்ற நேரத்தை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

பவர்டேபிள்:
கேட்டது நியாயம். சூப்பர்வைசர் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். போன மாதம் 26 வேலை நாளில் ஒன்பது நாள் ஏதாவது ஒரு மெஷின் அரை நாளுக்கு மேல் நின்றிருக்கிறது. இரண்டு தடவை நூல் கோன் வேறு ஷேடில் (நிறத்தில்) வந்து லைனே நின்றது. ஒரு நாள் லேபிள் வராமல் மொத்த பேக்கிங்கும் நின்றது. இவ்வளவு என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் திங்கட்கிழமைக் கணக்கும் அதே நோட்டில் இருக்கிறது. அதை நான் விடமாட்டேன்.

பொருளியல் டீச்சர்:
லூப்பர் சொன்ன அந்த இரண்டாவது தெருக் கடை எப்படி வந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் இருந்து மின்சாரம் வந்தது. கரிசல் பருத்தி ஏற்கனவே இருந்தது, அந்தப் பத்தாண்டில் கோவையைச் சுற்றி மில்கள் பெருகின. மில் இருந்தால் மெஷின் ரிப்பேர் வேண்டும், அதனால் பட்டறைகள் வந்தன. பட்டறைக்காரர்கள் விவசாயிகளுக்குப் பம்ப்பும் மோட்டாரும் செய்தார்கள். மில் குடும்பங்களே தொழிற்பயிற்சிப் பள்ளியும் கல்லூரியும் தொடங்கின. திருப்பூர் பனியன் தொழில் வளர்ந்தது இந்த வட்டத்துக்குள்தான்.

வறட்சியைக் காரணம் சொல்கிறவர்களுக்கு சிவகாசியைக் காட்டுகிறேன். 1985இல் பிரிக்கும் வரை அது ராமநாதபுரம் மாவட்டம்தான். மழை இல்லாத அதே பூமி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்து பட்டாசு, லேபிள் அச்சடிக்கப் போய் அச்சுத் தொழில் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. பணம் புரட்ட அந்தச் சமூகத்தில் மகமை என்ற பொது நிதி இருந்தது. இன்றைய மெர்க்கன்டைல் வங்கி 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கியதுதான். தொழிலைக் கற்றவர், கடன் கொடுக்க ஆள், பக்கத்திலேயே அடுத்த பட்டறை, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் கரிசல் காட்டிலும் தொழில் ஓடியது.

கண்மாய்க்கரை:
டீச்சர், பைக்காரா மின்சாரம் யார் கொடுத்தது? அரசுதானே! முதல் படி அவர்கள் வைத்தது, மீதி தானாக ஏறியது. எங்களுக்கு அந்த முதல் படியே இல்லை. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. பொட்டல் எங்களுடையது, வெயில் எங்களுடையது. கரண்ட் கம்பி வழியாகப் போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு மெஷின் ஷாப் வந்ததா?

துறைமுகத்தையும் பாருங்கள். திருப்பூர் கன்டெய்னர் கப்பலேற முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி தூத்துக்குடிக்கு வருகிறது. அங்கிருந்து எங்களுக்கு அதில் பாதி தூரம்கூட இல்லை. துறைமுகம் பக்கத்தில் இருந்தும் எங்களுக்கு என்ன பயன்?

பீகாரை எடுங்கள். இன்றைய ஜார்க்கண்ட் அப்போது பீகாரில்தான் இருந்தது, அதனால் நிலக்கரியும் இரும்பும் அவர்கள் மண்ணில் இருந்தன. 1952இல் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாடு கொண்டுவந்து நாடு முழுக்க இரும்புக்கு ஒரே விலை ஆக்கியது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை போடுவதால் கிடைக்க வேண்டிய லாபம் போய்விட்டது. மேற்கும் தெற்கும் பிழைத்தன, நம் மாநிலம் உட்பட. அரசு காரணம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

பொருளியல் டீச்சர்:
சரி, அரசின் முதல் படி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், நான் அதைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சமன்பாட்டை 1990களின் தொடக்கத்தில் எடுத்துவிட்டார்களே. அதற்குப் பிறகு ஆலைகள் பீகாருக்குத் திரும்பவில்லை. நாற்பது வருடத்தில் பட்டறையும் பழகிய கையும் புனேயிலும் லூதியானாவிலும் கோவையிலும் வேர்விட்டுவிட்டன. தப்பான கொள்கையை ஒரு உத்தரவில் எடுத்துவிடலாம், அது கெடுத்ததை அப்படி எடுக்க முடியவில்லை. அதனால்தான் அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் இடம் கொடுத்தால் போதும், மானியம் கொடுத்தால் போதும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

நோட்டுக்கணக்கு:
யாரும் முதலாளியைப் பற்றிப் பேசவில்லை. மும்பை பக்கத்து நெசவு ஆலைகளில் ஒரு ஆய்வு நடத்தி 2013இல் வெளியிட்டார்கள். சில ஆலைகளுக்கு மட்டும் நிர்வாக ஆலோசகர்களை அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சாதாரண வேலைதான்: மெஷின் ஏன் நின்றது என்று தினமும் எழுதுவது, பழுதாகும் முன்பே பராமரிப்பது, குடோனில் குவிந்த நூலை ரகம் பிரித்து அடுக்குவது. முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. அதே ஊர், அதே தொழிலாளி, அதே கரண்ட்.

பவர்டேபிள் அண்ணா, உங்கள் நோட்டு மூன்று வருடமாக அங்கே இருந்திருக்கிறது, நேற்றுதான் பார்த்தீர்கள். திருப்பூரில் தினமும் லைனுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். பரமக்குடிக்கு மாதம் எத்தனை நாள் போகிறீர்கள்?

பவர்டேபிள்:
இரண்டு நாள். சில மாதம் ஒரு நாள்.

நோட்டைப் பார்க்காதது என் தப்பு. அங்கிருந்து இரண்டு பையன்களைத் திருப்பூருக்கு வரவழைத்து மூன்று மாதம் மெக்கானிக் வேலை கற்றுக்கொடுத்து அனுப்பப் போகிறேன். லூப்பர், கத்தி, ஊசிக்கம்பி என்று ஒரு பெட்டி ஸ்பேர் இந்த வாரமே அங்கே போகும். லூப்பர் தம்பி, எந்த எந்தப் பார்ட்ஸ், எத்தனை என்று ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

திங்கட்கிழமை விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

கண்மாய்க்கரை:
நல்லதுண்ணே. பையன்களோடு ஒரு பெண்பிள்ளையையும் சேருங்கள், அங்கே தைப்பவர்கள் முக்கால்வாசி பெண்கள்தானே.

திங்கட்கிழமைக்கு நான் சொல்வது இது. வராதவர்கள் பெயருக்கு எதிரே ஊர்ப் பெயரை எழுதுங்கள். எங்கள் பக்கம் பல கிராமத்துக்கு காலையில் ஒரு டவுன் பஸ்தான். அதை விட்டால் அன்றைய வேலை போச்சு. ஞாயிற்றுக்கிழமை தாய் வீட்டுக்குப் போன பெண் திங்கள் காலை எட்டரைக்குள் உங்கள் மெஷினில் உட்கார வேண்டுமென்றால் எந்த பஸ்ஸில் வருவாள்?

பவர்டேபிள்:
பஸ் நேரம் எனக்குத் தெரியாது தம்பி. வியாழக்கிழமை அங்கே போகிறேன், பெயரும் ஊரும் எழுதி எடுத்துவந்து இங்கேயே போடுகிறேன். இரண்டு, மூன்று பேர் ஒரே ஊர் என்றால் ஒரு வேன் வைக்க என்ன ஆகும் என்றும் கேட்டுப் பார்க்கிறேன்.

லூப்பர்:
லிஸ்ட் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன் அண்ணா. லூப்பரில் மேல், கீழ் இரண்டும் நாலு நாலு வையுங்கள். மெஷின் மாடல் நம்பரைப் பெட்டி மேலேயே ஒட்டிவிடுங்கள்.