பிட்ச் என்பதற்குத் தமிழில் என்ன? நாளை சாயங்காலத்துக்குள் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். எந்தப் பத்திரிகையிலயும் மாசச் சம்பளத்துக்குச் சேராம வெளியில இருந்தே ஃப்ரீலான்ஸா எழுதிப் பிழைக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன்னு சொல்லியிருந்தேன் இல்லையா, அதுக்கான கையேடு நாளைக்கு சாயங்காலம் லேஅவுட்டுக்குப் போகணும். டெட்லைனுக்குக் கெடு, போர்ட்ஃபோலியோவுக்குப் படைப்புத் தொகுப்பு, இன்வாய்ஸுக்கு விலைப்பட்டியல்னு ஒரு வழியா முடிச்சுட்டு பிட்ச்ல வந்து நின்னுட்டேன், அதாவது கட்டுரை எழுதுறதுக்கு முன்னாடி இதை எழுதட்டுமான்னு எடிட்டருக்கு அனுப்புற சின்னக் கடுதாசி.

போன தடவை முன்மொழிவுன்னு போட்டேன். ஒரு மாணவி 12 பக்கம் எழுதிட்டு வந்தா. முன்னுரை, நோக்கம், எதிர்பார்க்கும் பயன்கள், கால அட்டவணை, முடிவுரை எல்லாம் இருக்கு. அவ மேல தப்பே இல்ல, திட்ட முன்மொழிவுன்னு அவ பாத்ததெல்லாம் அப்படித்தான். ஆனா 9ஆம் பக்கத்துல ஒரே ஒரு வரி கிடந்துச்சு: ராத்திரி ஷிப்ட் நர்சுகள் பகல்ல தூங்குறதுக்காக வீட்டையும் வீட்டாளுங்க பழக்கத்தையும் எப்படி மாத்தி வச்சிருக்காங்கன்னு எழுதப் போறேன். அவ்வளவுதான் பிட்ச். அந்த ஒரு வரியை மேல தூக்கி வச்சு அரைப் பக்கத்துல முடிச்சிருந்தா எந்த எடிட்டரும் படிச்சிருப்பார். சொல்லே அவளைத் தப்பான பக்கம் கூட்டிட்டுப் போயிடுச்சு, அதான் எனக்கு உறுத்துது. சின்னது, எழுதுறதுக்கு முன்னாடி அனுப்புறது, எடிட்டர் முன்னாடி வைக்கிறது, இந்த மூணும் தெரியிற மாதிரி ஒரு சொல் தாங்க.

-----

அம்மா, இதுக்குப் புதுசா ஆக்கவே வேண்டாம், நம்மகிட்ட இருக்கு. தொல்காப்பியப் புறத்திணையியல்ல "சேய்வரல் வருத்தம் வீட வாயில் காவலர்க்கு உரைத்த கடைநிலை"ன்னு ஒரு துறை. தூரத்துல இருந்து வந்த புலவன் அரண்மனை வாசல்ல நின்னு காவலன்கிட்ட "நான் வந்திருக்கேன், உள்ள போய்ச் சொல்லு"ன்னு சொல்றது. உங்க எடிட்டர் யாரு? வாயிலோன். கடைன்னா வாசல், வாசல்ல நின்னு சொல்ற நிலை கடைநிலை. ஔவையார் புறநானூறு 206ல "வாயிலோயே! வாயிலோயே!"ன்னு கூப்பிடுறாரே, அந்தப் பாட்டு முழுக்க பரிசில் இழுத்தடிச்ச அதியமான் வாசல்ல நின்னு சொன்னதுதான். உன் தலைவனுக்கு என்னைத் தெரியலையா, தச்சன் பிள்ளைங்க கோடாலியோட காட்டுக்குள்ள போன மாதிரி எங்க போனாலும் எங்களுக்குப் பிழைப்பு இருக்கு, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே". இதைவிட ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனோட மனசை யார் சொல்ல முடியும்?

-----

> வாசல்ல நின்னு சொல்ற நிலை கடைநிலை.

ஐயா, பாட்டு அருமை, கையேட்டோட முதல் பக்கத்துலயே போடலாம். ஆனா கடைநிலைன்னு இன்னைக்குச் சொன்னா கடைநிலை ஊழியர்தான் நினைவுக்கு வரும். புதுசா எழுத வர்ற பிள்ளைங்க ஏற்கெனவே கூச்சத்துல இருப்பாங்க, அவங்க அனுப்புற முதல் கடுதாசிக்கே கடைநிலைன்னு பேரா?

நான் ரொம்ப வருஷம் எடிட்டர் மேசையில இருந்தவன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். நீங்க வைக்கிற சொல் முதல்ல வந்து உக்கார்ற இடம் மெயிலோட சப்ஜெக்ட் லைன். காலையில மெயில்பாக்ஸைத் திறந்தா நூத்துக்கணக்குல கிடக்கும், அதுல பாதி விளம்பரம், மீதியில முக்கால்வாசி முழுக் கட்டுரை, நடுவுல ஒண்ணு ரெண்டுதான் ஒழுங்கான பிட்ச். அதைக் கண்டுபிடிக்கிற மாதிரி சொல் இருக்கணும், இல்லன்னா தாண்டிப் போயிடுவேன், நஷ்டம் எனக்கில்ல, எழுதினவருக்கு. தலைப்பு ஒண்ணு, கதை என்ன, ஏன் இப்ப எழுதணும், ஏன் நீங்க எழுதணும், யார்கிட்டல்லாம் பேசப் போறீங்க, எத்தனை வார்த்தை, எப்ப தருவீங்க, முன்னாடி எழுதினது ரெண்டு லிங்க். 250, 300 வார்த்தைக்குள்ள இது முடிஞ்சா நான் பதில் போடுவேன். ஒரு வாரம் பத்து நாள் பாத்துட்டு ஒரு தடவை ஞாபகப்படுத்துறதுலயும் தப்பில்ல, அதையும் கையேட்டுல எழுதுங்க, நிறைய பேர் அதுக்கே பயப்படுறாங்க.

இன்னொண்ணு, விலைப்பட்டியல்னா நிறைய பேர் ரேட் கார்டு, அதாவது எதுக்கு எவ்வளவுன்னு போட்ட பட்டியல்னு தப்பாப் புரிஞ்சுக்குவாங்க. அதைவிடக் கட்டணச்சீட்டு தேவலாம். இன்வாய்ஸ் குழம்பினா காசே குழம்பிடும்.

-----

நூலிழைக்கு வெளியில போறதுக்கு மன்னிக்கணும், ஆனா ஃப்ரீலான்ஸ்னு பேச்சு வந்ததால சொல்றேன். லான்ஸ்னா ஈட்டி. வால்டர் ஸ்காட் 1819ல வந்த ஐவன்ஹோ நாவல்ல எந்த அரசனுக்கும் கட்டுப்படாம கூலிக்குச் சண்டை போடுற வீரர்களை ஃப்ரீ லான்ஸஸ்னு எழுதினார், அதுக்கப்புறம்தான் எழுத்தாளர் பக்கம் வந்துச்சு. அப்ப நாம தனிவேலர்னு வைக்கலாமே? வேல், வேலன், வேலை எல்லாம் ஒரே வேர்தான, வேல் பிடிச்சவன் செய்றது வேலை, தனிவேலையும் ஆச்சு தனிவேலும் ஆச்சு.

-----

தம்பி, ஆர்வத்தைப் பாராட்டுறேன், ஆனா வேலுக்கும் வேலைக்கும் முடிச்சுப் போடாதீங்க. பழைய பாட்டுல வேலைன்னா கடல், கடற்கரை, பொழுது. தொழில்ங்கற பொருள் பின்னாடி வந்தது. ஓசை ஒத்துப்போறதை எல்லாம் வேருன்னு எடுத்தா அகராதியே தாங்காது.

சரி, கடைநிலையை வாபஸ் வாங்கிக்கிறேன், எடிட்டர் சொன்னது நியாயம். அதைவிடப் பொருத்தமா ஒண்ணு தர்றேன்: நுதலுரை. நன்னூல் சொல்ற 32 உத்தியில முதல் உத்தி நுதலிப் புகுதல், சொல்லப் போறது என்னன்னு முன்னாடியே சொல்லிட்டு உள்ள போறது. உரையாசிரியர்கள் "இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின்"னு கேப்பாங்க, இது எதைப் பத்தினதுன்னு. எடிட்டர் கேக்குற அதே கேள்வி!

-----

> நுதலுரை

நுதல்னா எனக்கு நெத்திதான் ஞாபகம் வருது ஐயா, வாணுதல்னு படிச்ச பழக்கம். வகுப்புலயும் அப்படித்தான் ஆகும், விளக்கம் சொல்லியே பத்து நிமிஷம் போயிடும்.

விண்ணப்பம்னு வைக்கலாமான்னு எனக்குத் தனியா ஒருத்தர் கேட்டிருந்தார், அது மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கறேன். விண்ணப்பம்னு எழுதின உடனே கை தானா கீழ போகுது, "தாங்கள் பெரிய மனது வைத்து"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. பிட்ச்ங்கறது சரக்கு காட்டுறது, கெஞ்சுறது இல்ல. நான் முதல் ரெண்டு வருஷம் கெஞ்சித்தான் எழுதினேன், ஒரு பத்திரிகை முழுக் கட்டுரையும் வாங்கிக்கிட்டு போடவும் இல்ல, காசும் இல்ல, வேண்டாம்னு ஒரு வரி பதிலும் இல்ல. விண்ணப்பம் போட்டவளுக்குக் கேக்க என்ன உரிமைன்னு நானே நினைச்சுக்கிட்டேன். அந்த நினைப்பு இந்தப் பிள்ளைங்களுக்கு வரக்கூடாது.

-----

தங்கச்சி சொன்னதுக்குப் புறம் 208ஐச் சேத்துக்கங்க. தன்னைப் பாக்காமலே அதியமான் கொடுத்தனுப்பின பொருளைப் பெருஞ்சித்திரனார் வேண்டாம்ங்கறார், "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்". தினையளவு கொடுத்தாலும் என் தரம் தெரிஞ்சு கொடுன்னு கேக்குறார். ஃப்ரீலான்ஸருக்கு வாணிகப் பரிசிலர்ங்கற சொல்லே இங்க இருக்குன்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றேன்.

-----

அவர் அல்லேன்னு மறுத்த பேரை நாம தொழிலுக்கு வைக்கிறது சரியா வருமா அண்ணா? எனக்கு ஒப்பல. எங்க பக்கம் சுயாதீன எழுத்தாளர்னே எழுதுறோம், எல்லாருக்கும் விளங்குது. வடசொல்லெண்டு தள்ளுறவை கட்டற்ற எழுத்தாளர் எண்டு வைச்சா, இலவசமா எழுதித் தாறவர் எண்டு நினைச்சுப்போடுவினம்.

-----

எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. சொல்லுக்கு வினை வேணும். வகுப்புல பிள்ளைங்க பேசுறது "நேத்து பிட்ச் பண்ணேன்", "அவர்கிட்ட பண்ணாத", "திரும்பப் பண்ணு". நுதலினேன்னு யார் சொல்லப் போறாங்க? முன்மொழிஞ்சேன்னா கூட்டத்துல தீர்மானம் கொண்டுவந்த மாதிரி இருக்கு, உடனே யாராவது வழிமொழியணும். முன்வைன்னு பாருங்க: முன்வச்சேன், முன்வைக்காத, முன்வைப்பு, முன்வைப்பு மடல். பேச்சுலயும் உக்காருது, எழுத்துலயும் உக்காருது, கேட்டவர் கையை ஏந்தாம மேசை மேல எடுத்து வைக்கிறார். வைப்புன்னு வந்தா வைப்புத்தொகை நினைப்பு கொஞ்சம் வரும்தான், மடல்னு சேத்துட்டா அது போயிடும்.

-----

மணி பதினொண்ணு ஆச்சு, நான் முடிக்கணும். முன்வைப்புக்கு அஞ்சு பேர், பிட்ச்னே விட்டுடுங்கன்னு ரெண்டு பேர், நுதலுரைக்கு ஐயா. முன்வைப்பு மடல்னு போடுறேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் "பத்திரிகைக்காரங்க பிட்ச்னு சொல்றது இதைத்தான்"னு ஒரு வரி. எடிட்டர் அண்ணா சொன்ன 250, 300 வார்த்தைக் கணக்கு அதுக்கு அடுத்த பத்தியிலயே வருது. இன்வாய்ஸ் கட்டணச்சீட்டுன்னு மாறியாச்சு. அந்த மாணவிகிட்ட கேட்டேன், அவளோட 9ஆம் பக்கத்து வரியை மாதிரியா போட ஒத்துக்கிட்டா, இன்னைக்கு ராத்திரியே அதை அரைப் பக்கமா எழுதி அனுப்பியிருக்கா. ஃப்ரீலான்ஸருக்கு இன்னும் எதுவும் முடிவாகல, இந்தப் பதிப்புல ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்னே போகட்டும். கட்டுரையைக் கேட்டு வாங்கிட்டுப் போடாம விட்டா தர்ற கில் ஃபீ அடுத்த அத்தியாயத்துல வருது, கைவிடு தொகைன்னு வச்சிருக்கேன், சரியில்லன்னா காலையில பத்து மணிக்குள்ள சொல்லுங்க.

-----

பெரும்பான்மை முடிவை ஏத்துக்கிறேன், ஆனா உடன்படல. முன்வைப்பு எதை வேணா முன்னாடி வைக்கிறது, என்ன சொல்லப் போறோம்ங்கறது அதுல இல்ல, நுதலுரையில மட்டும்தான் இருக்கு. என் கட்டுரைகள்ல நுதலுரைன்னே எழுதுவேன். கைவிடு தொகை நல்லா இருக்கு, வினைத்தொகை, அதனால "கைவிடுத் தொகை"ன்னு வலி மிகாம பாத்துக்கங்க அம்மா, அச்சுக்கோக்கிறவங்க தானா ஒரு த் போட்டுடுவாங்க.