வெட்சூட்டுக்குத் தமிழ்ச் சொல்: ‘ஈர உடை’ வேண்டாம், ‘கவ்வுடை’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில் கடலுக்குள் மூழ்கப் பழக வருகிறவர்களுக்குக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீருக்குள் குளிர் தாங்க உடம்போடு ஒட்டினாற்போல் போடும் ரப்பர் நுரை உடைதான் வெட்சூட். இந்தச் சொல்லுக்கு விடை கிடைக்காமல் மூன்றாம் பாடம் நகரவில்லை. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘ஈர உடை’ என்றே வைத்துவிடலாமே. மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

ஐயா, முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த ஒரு பையன், தன் உடம்புக்கு ஓர் அளவு பெரியதாகப் பார்த்து எடுத்து மாட்டிக்கொண்டான். கேட்டதற்கு, “தண்ணி உள்ள வரணும்தானே அண்ணா, ஈர உடைன்னுதானே போட்டிருக்கீங்க” என்றான். அரை மணி நேரத்தில் பல் கிட்டிக்க மேலே வந்தான். அது அவன் பிழையன்று, என் சொல்லின் பிழை. தமிழில் ஈர உடை என்றால் நனைந்துபோன துணி. கழற்றி மாற்ற வேண்டியது. மாட்டிக்கொள்ள வேண்டிய ஒன்றுக்கு அந்தப் பெயரை எப்படி வைப்பது?

1950களின் தொடக்கத்தில் இந்த உடையை வடிவமைத்த கலிபோர்னியா இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டது இதுதான்: உடம்பு நனைந்தாலும் கதகதப்பாக இருக்க முடியும். சூடு காப்பது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள். உள்ளே கசியும் நீர் மெல்லிய படலமாகத் தோலோடு தங்கி, உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டால் கெடுதல் இல்லை. ஆனால் அது தங்க வேண்டும். இடுப்புக்கு மேலே முதுகு குழிகிற இடத்திலோ, அக்குளிலோ, முழங்காலுக்குப் பின்புறமோ உடை தொங்கினால், துடுப்புக் காலை உதைக்கும் ஒவ்வொரு முறையும் பழைய நீர் வெளியேறிப் புது நீர் உள்ளே பாயும். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் சூட்டைக் கடத்துகிறது. தொளதொளவென்ற உடைக்குள் 5 மி.மீ. தடிமன் இருந்தும் பயனில்லை. ஆகவே இந்த உடையின் உயிர் அதன் பொருத்தத்தில் இருக்கிறது. பெயரும் அதைச் சொன்னால்தான் நல்லது என்பது என் எண்ணம்.

> இலங்கையில் டைவரைச் சுழியோடி என்போம். ‘சுழியோடி உடை’ பொருந்தாதா?

சுழியோடி அருமையான சொல். கையேடு முழுக்க அதையே எடுத்தாளப் போகிறேன். ஆனால் வெட்சூட்டை அலைச்சறுக்குகிறவர்களும் போடுகிறார்கள். நீரே உள்ளே புகாத ‘டிரை சூட்’ அணிந்த சுழியோடியும் சுழியோடிதான். பெயர் ஆளைக் காட்டுகிறது, உடையைக் காட்டவில்லை.

> முல்லைப்பாட்டில் யவனர் சட்டைக்கு ‘மெய்ப்பை’ என்று வருகிறதே?

இதைப் படித்ததும் மனம் துள்ளியது. ‘மெய்ப்பை புக்க’ என்கிறது பாட்டு. வெட்சூட்டையும் நாம் உடுத்துவதில்லை, அதற்குள் புகத்தான் செய்கிறோம். காலை நுழைத்து, கணுக்காலிலிருந்து அங்குலம் அங்குலமாக மேலே ஏற்ற வேண்டும். இருந்தாலும் இன்று பை என்றதும் தொங்கும் ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

> அப்படியானால் ‘இறுக்குடை’?

இதை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கழுத்துப் பட்டை அளவுக்கு மீறி இறுகினால் கழுத்துத் தமனி அழுந்தும், இதயத் துடிப்பு குறையும், தலை சுற்றும். நீருக்கடியில் அது விளையாட்டில்லை. நெஞ்சு விரிய மூச்சை முழுதாக இழுக்க முடிய வேண்டும், கைகளைத் தலைக்கு மேல் தூக்க வர வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். கரையில் சற்றுப் பிடிப்பாகத் தெரிவது சரி. மூச்சு முட்டினால் அளவு தவறு.

என் பரிந்துரை ‘கவ்வுடை’. கவ்வுதல் நாய்க்கும் பல்லிக்கும் உரியதல்லவா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். “ஊரை இருள் கவ்வியது” என்றும் சொல்கிறோமே. இண்டு இடுக்கு விடாமல், எதையும் நசுக்காமல் சூழ்ந்துகொள்வது. இந்த உடையிடம் நாம் எதிர்பார்ப்பது அதுதான். புணர்ச்சி பற்றியும் ஐயம் எழுந்தது: கதவு + அடைத்தான் கதவடைத்தான் ஆவதுபோல, கவ்வு + உடை கவ்வுடை ஆகலாம்.

‘டிரை சூட்’டுக்கு ‘நீர்புகா உடை’ போதும். முழங்கால் அளவில் நிற்கும் ‘ஷார்ட்டி’யைக் ‘குறுங்கவ்வுடை’ எனலாம். நம் கடலின் வெப்பத்துக்குப் பெரும்பாலும் 3 மி.மீ. தாராளம் என்றாலும், சொறி (ஜெல்லி மீன்) பட்டுத் தோல் தடித்தவர்கள் கையும் காலும் மூடிய முழு உடையைத்தான் கேட்பார்கள்.

இன்னும் ஒன்று முடியவில்லை. உடைக்குள் நீர் புகுந்து வெளியேறும் அந்த ‘ஃபிளஷ்’. ‘அலசல்’ என்று எழுதினேன்; படித்தவர்கள் ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘உள்ளலம்பல்’ என்றால் காதுக்கு எப்படி இருக்கிறது? கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது, படகின் அடியில் தேங்கிய நீர் ஆடுவதற்கு உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள் என்று எழுதினால் அதையே வாங்கிக்கொள்கிறேன்.