இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஏரியில் எந்த மீன்பிடி லைசென்ஸ்? சோதனைக்கு வரும் வார்டனிடம் நின்றவர்கள் சொல்லுங்கள்

தூண்டில்காரன், டாலஸ்:
டெக்ஸஸ், ஓக்லஹோமா எல்லையில் இருக்கும் டெக்ஸோமா ஏரிக்குக் கிளம்பும் நம்மாட்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டெக்ஸஸ் லைசென்ஸ் இருக்கே, அது போதாதா?" டெக்ஸஸ் பக்கத் தண்ணீரை விட்டு நகராமல் இருந்தால் போதும். ஆனால் ஏரியில் பெரும்பகுதி ஓக்லஹோமாவுடையது. ரெட் ரிவரை மறித்து 1944இல் டெனிசன் அணையைக் கட்டி முடித்தார்கள். ஆற்றின் தென்கரைதான் மாநில எல்லை. அந்தக் கரை இப்போது ஏரிக்கு அடியில் கிடக்கிறது, கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

போன கோடையில் நானும் ஆபீஸ் நண்பரும் வாடகைப் படகில் போயிருந்தோம். ஸ்ட்ரைப்பர் மீன் கூட்டம் மேலே வந்து குதிக்கிறது, மேலே பறவைகள் வட்டமடிக்கின்றன; அந்த நேரத்தில் யார் எல்லையைப் பார்ப்பார்கள்? துரத்திக்கொண்டு வடக்கே போய்விட்டோம். வார்டன் படகு பக்கத்தில் வந்து நின்றது. லைஃப் ஜாக்கெட்டை எண்ணினார், ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார், பிறகு லைசென்ஸ். என்னிடம் இந்த ஏரிக்கென்றே தரும் டெக்ஸோமா லைசென்ஸ் இருந்தது. நண்பரிடம் இருந்தது வெறும் டெக்ஸஸ் லைசென்ஸ். படகு நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் திரையில் காட்டி, எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்ததோடு விட்டுவிட்டார். எல்லோரும் அப்படி விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

டெக்ஸோமா லைசென்ஸ் 12 டாலர்தான். ஏரி முழுக்கச் செல்லும், வேறு எதுவும் வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். நவம்பரில் வாங்குவது வீண்.

கெளுத்திப்பிரியை, ஹூஸ்டன்:
நாங்கள் போவது டொலீடோ பெண்ட், லூசியானா எல்லை. அங்கே இந்தத் தலைவலி கிடையாது அண்ணா. டெக்ஸஸ்வாசி டெக்ஸஸ் லைசென்ஸோடு ஏரியின் எந்த மூலைக்கும் போகலாம், லூசியானாக்காரருக்கும் அப்படியே.

ஆனால் "வாசி" யார் என்பதில்தான் சிக்கல். என் கொழுந்தனார் நியூஜெர்சியிலிருந்து வேலை மாறி வந்த சூட்டோடு லைசென்ஸ் வாங்கப் போனார். எப்போது குடிவந்தீர்கள் என்று கவுண்டரில் கேட்டார்கள். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால்தான் உள்ளூர்க் கட்டணம். விசாவா கிரீன் கார்டா என்று யாரும் கேட்கவில்லை, குடியிருந்த காலம் மட்டும்தான் கணக்கு. 30 டாலரில் முடிய வேண்டியது 58 ஆனது. முகம் சுண்டிப்போய் வந்தார்.

சும்மா_பார்க்க_வந்தேன், சிகாகோ:
கொடுத்துவைத்தவர்கள்! மிச்சிகன் ஏரியை நான்கு மாநிலம் பங்குபோட்டிருக்கிறது. இலினாய் தண்ணீரில் இலினாய் லைசென்ஸ், இண்டியானா தண்ணீரில் இண்டியானா லைசென்ஸ். சால்மன் பிடிக்க அதற்கு மேல் தனி ஸ்டாம்ப், அதாவது கூடுதல் அனுமதி. பொதுவாக ஒன்று என்ற பேச்சே இல்லை. அதனால் நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே கிடக்கிறேன்.

ஏரிக்கரையான், சான் ஹோசே:
டாஹோ ஏரியில் கலிபோர்னியா, நெவாடா லைசென்ஸ் இரண்டில் எது இருந்தாலும் ஏரி முழுக்கச் செல்லும். நெவாடா பக்கம் சாண்ட் ஹார்பர் அருகே என் கலிபோர்னியா லைசென்ஸை வாங்கிப் பார்த்த வார்டன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் பக்கத்துப் படகில் இருந்தவர் நெவாடா லைசென்ஸ்காரர். மறுநாள் டிரக்கி ஆற்றில் தூண்டில் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாஹோ சிட்டியில் ஏரியை விட்டு வெளியேறும் ஆறு அது. அந்த இடம் முழுக்கக் கலிபோர்னியா. ஒப்பந்தம் ஏரிக்குத்தான், அதிலிருந்து ஓடும் தண்ணீருக்கு இல்லை என்று வார்டன் சொன்னதும் மனிதர் விழித்தார். ஏரித் தண்ணீர்தானே ஆறாக ஓடுகிறது என்று அவர் வாதாடியது சரிதான், ஆனால் சட்டத்திடம் அது எடுபடாது.

தூண்டில்காரன், டாலஸ்:
ஏரிக்கரையான் சொன்னதே இங்கும். டெனிசன் அணைக்குக் கீழே ஸ்ட்ரைப்பர் நன்றாக மாட்டும், அதனால் கூட்டமும் அதிகம். அங்கே டெக்ஸோமா லைசென்ஸ் செல்லாது. ஆற்றில் இறங்கினால் ஓக்லஹோமா லைசென்ஸ் வேண்டும்.

இன்னொன்று, லைசென்ஸ் பொதுவாக இருப்பதால் பிடிக்கும் கணக்கும் தளர்ந்துவிடாது. டெக்ஸோமாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 ஸ்ட்ரைப்பர், அதில் 20 அங்குலமோ அதற்கு மேலோ இரண்டுதான். பெட்டிக்குள் போட்ட சின்ன மீனைத் திருப்பி விட்டுவிட்டுப் பெரியதை வைத்துக்கொள்ளும் வேலையும் கூடாது. வார்டன் பெட்டியைத் திறக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கெளுத்திப்பிரியை, ஹூஸ்டன்:
ஊரிலிருந்து மாமனார் மாமியார் வருகிறார்கள். ஒரு நாளைக்காக அவர்களுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

தூண்டில்காரன், டாலஸ்:
வேண்டாம்மா. டெனிசன் பக்கம் ஐசனோவர் ஸ்டேட் பார்க்குக்குக் கூட்டிப்போங்கள். டெக்ஸஸ் ஸ்டேட் பார்க்கில் கரையில் நின்று தூண்டில் போட லைசென்ஸே தேவையில்லை, நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். எண்ணிக்கை வரம்பு மட்டும் அவர்களுக்கும் உண்டு. மாமனார் படகில் போக ஆசைப்பட்டால் அவருக்கும் அந்த 12 டாலரைக் கட்டிவிடுங்கள்.